மாடிப்படியில் இறங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 37. தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. இரண்டு குழந்தைகள். நான்கு வருடமாக ஓடுகிறேன். இரண்டு அரை மாரத்தான் (21 கி.மீ.) முடித்திருக்கிறேன், கடைசியாக ஓடியது 2 மணி 20 நிமிடம். எங்கள் ஓட்டக் குழுவில் சிலர் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கும் ஒரு மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். 30 கி.மீ., 50 கி.மீ. என்று இரண்டு பிரிவு. 30 கி.மீ. பாதையில் மொத்த ஏற்றம் 1,400 மீட்டர், எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இன்னும் நான்கரை மாதம் இருக்கிறது. எங்கள் பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தான், எங்கே போய்ப் பயிற்சி செய்வது? படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் லேசாக வலிக்கிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வேகமாக இறங்கினால் சிறுநீர் கசிகிறது. அம்மா வேறு, "ரெண்டு புள்ள பெத்த உடம்பு, மலையில ஓடி முட்டி தேஞ்சா யாரு பாக்குறது?" என்கிறார். அவருக்கே முழங்கால் வலி உண்டு. நான் போகலாமா, வேண்டாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போகலாம். 30 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள். 50 இந்த வருடம் வேண்டாம். குழுவில் எல்லோரும் 50 என்றாலும் வேண்டாம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாக பிசியோதெரபி செய்துவருகிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், வியாசர்பாடியிலிருந்து கணுக்கால் பிசகி வரும் கால்பந்துப் பையன்கள் என்றுதான் ஆரம்பத்தில் கூட்டம் இருந்தது. இந்த ஏழெட்டு வருடத்தில் ஓட்டக்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். அதிலும் மலைக்குப் போய்விட்டு வருகிறவர்களைக் கதவைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். என் கிளினிக் வாசலில் மூன்று படி உண்டு. ஏறி வந்துவிடுவார்கள். திரும்பிப் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக இறங்குவார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த மூன்று படியில்தான் இருக்கிறது. சமதளத்தில் பழகிய ஒருவரை மலை ஏற்றம் களைப்படையச் செய்யும், மூச்சு வாங்கவைக்கும். நின்றால் சரியாகிவிடும். காலின் பலத்தை உடைப்பது இறக்கம். பலம் போன கால், நீங்கள் நின்றாலும் சரியாகாது, அன்றைக்கு முழுக்க அப்படித்தான் இருக்கும்.

பீரோவைக் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே இழுக்கும்போது மூச்சு முட்டும். கீழே விடும்போதுதான் கயிறு உள்ளங்கைத் தோலை உரிக்கும். தொடைத் தசையும் அப்படித்தான். ஏறும்போது அது சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அப்படி நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் வருகின்றன. பெரிய வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் கால் பலமிழப்பது அந்த இடத்திலேயே தொடங்கிவிடும்.

எனக்கே நடந்தது. 43 வயதில் முதல்முறை மலைப்பாதையில் 25 கி.மீ. ஓடினேன். மாதக்கணக்கில் ஏற்றத்துக்குத்தான் தயாராகியிருந்தேன். முதல் இறக்கம் ஆறு கிலோமீட்டர், காபித் தோட்டத்துக்கு நடுவே, நிழலான பாதை. சுகமாக இருக்கிறதே என்று காலை விட்டுவிட்டேன், என்னைவிட வேகமானவர்களையெல்லாம் தாண்டினேன். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் அடுத்த இறக்கம் வந்தபோது இரண்டு தொடையும் நடுங்கின. கால் வைக்கிறேன், முட்டி மடங்கிக்கொண்டு போகிறது. மீதி ஆறு கிலோமீட்டரை ஒரு குச்சியை ஊன்றி நடந்து முடித்தேன். தசை எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு, அதையே தொழிலாகச் செய்கிறவள் நான். என் உடம்பில் அது நடக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலி வாங்கிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் பெரிய வலி வராமலே அந்தக் கவசம் கிடைத்துவிடும். அதற்கு மலை தேவையில்லை. லிஃப்ட் இல்லை என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று மாடிதான் உங்கள் மைதானம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு படி ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். மூன்று மாடிக்கு 54 படி என்று வைத்தால் ஒன்பது மீட்டர் உயரம். 33 தடவை ஏறி இறங்கினால் 300 மீட்டர் ஏற்றம், 300 மீட்டர் இறக்கம். ஒரு மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகிற வேலை. முதல் நாளே 33 வேண்டாம். முதல் மாதம் வாரம் இரண்டு நாள், பத்துப் பத்துச் சுற்று. ஏறுவது எப்படியும் இருக்கட்டும், இறங்குவதில்தான் கவனம்: ஒவ்வொரு படியிலும் மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' சொல்லி, சத்தம் வராமல் பாதத்தை வையுங்கள். தொப்பென்று விழுந்தால் தசை வேலை செய்யவில்லை, மூட்டு வாங்குகிறது என்று பொருள். இரண்டாவது மாதத்திலிருந்து சுற்றை ஏற்றுங்கள். மூன்றாவது மாதம் பாதிச் சுற்றுகளில் மெல்ல ஓடி இறங்கலாம்.

நம் பக்கத்துப் படிக்கட்டுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கைப்பிடி ஒரு பக்கம்தான். திருப்பத்தில் செருப்பு ஸ்டாண்டு, தண்ணீர்க் குடம், சில வீடுகளில் குழந்தையின் சைக்கிள். விடியற்காலையில் யாராவது படியைக் கழுவிவிட்டிருப்பார்கள். ஈரப் படியில் இறங்கிப் பழக வேண்டாம். எல்லோரும் தூங்கும்போது செய்வதைவிட, மாலை ஐந்து மணிக்குச் செய்தால் அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு இல்லை, ஓரிரண்டு நாளில் அவர்களே குடத்தை நகர்த்தி வைப்பார்கள்.

மேம்பாலத்தை எழுதியிருந்தீர்கள். பேசின் பிரிட்ஜ், மின்ட், வியாசர்பாடி எதுவானாலும், இருட்டோடு மேம்பாலத்தில் ஓட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் சொல்லவே வேண்டாம், கன்டெய்னர் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு ஓரத்தில் ஓடுகிறவர் தெரிய மாட்டார். அவ்வளவு ஆபத்துக்கு அங்கே கிடைக்கும் உயரமும் ஒன்றுமில்லை, மூன்று மாடிதான்.

கணுக்காலுக்கு மட்டும் வெளியே போங்கள். காசிமேட்டில் என்-4 கடற்கரையில் மணல் இருக்கும் இடத்தில் வாரம் ஒருநாள் இருபது நிமிடம். மலைப்பாதையில் எந்தக் கல்லும் சமமாக இருக்காது. மணலும் அப்படித்தான், ஒவ்வொரு அடியிலும் கணுக்காலைப் புதிதாக நிதானிக்கச் செய்யும். ஷூவோடு போங்கள். உடைந்த பாட்டில் சில்லும், வலையிலிருந்து கழன்ற கொக்கியும் மணலுக்குள் கிடக்கும். குளிர்கால விடியலில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகை கீழேயே தங்கி நிற்கும் நாட்களில் வெளியே போகாமல் படிக்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, எட்டு மணி நேரம் போதுமா? மலையோட்டக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. நூறு மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் தூரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் 30 கி.மீ. பாதையில் 1,400 மீட்டர் ஏற்றம் என்றால், உடம்புக்கு அது 44 கி.மீ. அதாவது 42 கி.மீ. உள்ள முழு மாரத்தானைவிடக் கூட. சாலையில் உங்கள் வேகம் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல். கல்லும் வேரும் உள்ள பாதைக்கு, நின்று சாப்பிடும் நேரத்தையும் சேர்த்து ஒன்பது நிமிடம் என்று வையுங்கள். 44-ஐ 9-ஆல் பெருக்கினால் 6 மணி 36 நிமிடம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கையிருப்பு இருக்கிறது. 50 கி.மீ. பிரிவில் உங்களுக்கு இந்தக் கையிருப்பு இருக்காது. கையிருப்பு இல்லாதவர்தான் இறக்கத்தில் அவசரப்பட்டு விழுகிறார். பாதையில் நடுநடுவே இத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்ற புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பெயர் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

இந்த நேரக் கணக்கு நிற்க வேண்டுமானால் நீங்கள் ஏற்றத்தில் நடக்க வேண்டும். சாலையில் ஓடிப் பழகியவர்களுக்கு நடப்பது என்றால் தோற்றுப்போனது மாதிரி. மலையில் அப்படி இல்லை. ஆல்ப்ஸ் மலையில் மான் பிளாங் சிகரத்தைச் சுற்றி 2003 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது, ஏறக்குறைய 170 கி.மீ. தூரம், 10,000 மீட்டர் ஏற்றம். அங்கே ஜெயிக்கிறவர்களும் செங்குத்தான இடங்களில் நடந்துதான் ஏறுகிறார்கள். உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, கையைத் தொடைமேல் ஊன்றி, சின்ன அடிகளாக வையுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

இறக்கத்திலும் சின்ன அடிதான். நீண்ட அடி வைத்தால் குதிகால் முன்னால் போய் பிரேக் போடும், அந்த அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகும். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். கண் பாதத்தில் இருக்க வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். கைகளைக் கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மற்ற நாட்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் தர மாட்டேன். இரண்டு நாள் படி, ஒரு நாள் மணல், ஒரு நாள் நிதானமான ஓட்டம், ஞாயிறன்று நீண்ட நேரம். 'நேரம்' என்று சொல்கிறேன், கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஒன்றரை மணியில் தொடங்கி, கடைசி மாதத்துக்குள் நடையும் ஓட்டமுமாக நான்கரை மணி நேரம் காலில் நிற்கப் பழகுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரம் வீட்டில் இருப்பவர்களுக்கும் நீங்கள் கிடைப்பீர்கள்.

உண்மையான மலையில் குறைந்தது இரண்டு முறையாவது இறங்கிப் பார்க்க வேண்டும். நமக்குக் கைக்கெட்டியது ஏலகிரி. சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் அடிவாரத்துக்குப் பக்கம். அடிவார ஊரின் பெயரும் பொன்னேரிதான், நம் கும்மிடிப்பூண்டி லைன் பொன்னேரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, சுமார் 600 மீட்டர் ஏற்றம். ஏறும்போது நடங்கள், இறங்கும்போது மெல்ல ஓடுங்கள். வண்டிகள் வரும் சாலை, அதனால் விடிந்த கையோடு, மூன்று நான்கு பேராகப் போங்கள், காதில் எதையும் மாட்ட வேண்டாம். இதில் கடைசிப் பயிற்சி பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் இருக்கட்டும். அதற்குப் பிறகு இறக்கப் பயிற்சியை நன்றாகக் குறைத்துவிடுங்கள், தசை ஆறி வர நேரம் வேண்டும்.

காட்டுப் பாதைக்கு மட்டும் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், யார் அழைத்துப் போனாலும் சரி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு முன்பதிவு தருகிறது. நமக்கு அருகில் திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகைப் பாதை அந்தப் பட்டியலில் உண்டு. ஓடுவதற்கு அல்ல, காட்டுத் தரையில் கால் பழக ஒருநாள் நடந்துவிட்டு வரலாம்.

இனி முழங்கால். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையில்லை. ஆனால் முன்பக்கம், படி இறங்கும்போது, லேசான வலி என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே வருகிற வலி. தொடைத் தசையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் வேலைக்குத் தகுந்த பலத்தோடு இல்லாதபோது வருவது. ஓய்வு எடுத்தால் வலி குறையும், பலம் வராது. அதனால் இதைச் செய்யுங்கள்: வீட்டு வாசல் படியில் வலது காலில் நின்று, இடது குதிகாலைக் கீழ்ப்படியைத் தொடுமளவு மூன்று எண்ணிக்கையில் இறக்கி, பிறகு ஏற்றுங்கள். கண்ணாடி எதிரில் இருந்தால் நல்லது. முட்டி உள்பக்கம் சரியக் கூடாது, இரண்டாவது கால்விரலுக்கு நேராகப் போக வேண்டும். பத்து முறை, பிறகு மறு கால். இப்படி மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். அதோடு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும் பயிற்சி.

வலியைப் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். மூன்று வரை போய், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயிற்சியைத் தொடரலாம். நான்கு, ஐந்து என்று போனால் சுற்றைப் பாதியாக்குங்கள். முட்டி வீங்கினாலோ, மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது சட்டென்று விட்டுப்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கூச்சத்தோடு எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். எழுதியதற்கு நன்றி. குழந்தை பெற்ற ஓட்டக்காரப் பெண்கள் என்னிடம் வரும்போது, பத்து நிமிடம் முதுகு வலியைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது கதவருகே நின்று இதைக் கேட்பார்கள். இது மிகச் சாதாரணமாக வருகிற ஒன்று. பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஒன்றும்கூட. சிறுநீர்ப் பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் நீண்டு தளர்ந்திருக்கும். சமதளத்தில் சமாளித்துக்கொள்ளும், இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் மேலிருந்து அழுத்தும்போது அதற்கு முடியாமல் போகிறது.

வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். ஆறு முதல் எட்டு விநாடி பிடித்து, முழுதாக விடுங்கள். எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிறும் பிட்டமும் இறுகக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், அது தவறான பழக்கம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதனால்தான் நான்கரை மாதம் இருக்கும்போதே நீங்கள் கேட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இருமுவதற்கு, தும்முவதற்கு ஒரு கணம் முன்னால் அதே தசையை இறுக்கப் பழகுங்கள். பிறகு படி இறங்கும் முதல் அடிக்கு முன்னாலும். அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போலவோ, கனமாகத் தொங்குவது போலவோ இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது. அங்கே இந்தப் பேச்சு யாருக்கும் புதிதில்லை.

தயவுசெய்து இன்னொன்று. கசியுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் மலைக்குப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். நாப்கினோ பேடோ வைத்துக்கொண்டு ஓடுங்கள், பையில் இன்னொன்று இருக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். தாகம் இல்லாமல் ஒவ்வொரு இடத்திலும் வாங்கி வாங்கிக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் என்று எழுதியிருந்தால் அப்படியே கலக்குங்கள், சின்ன பாட்டிலில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானம் வேறு, இது வேறு.

சாப்பாட்டுக்கு ஜெல் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து போக வேண்டும், ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புத் தூவி வேகவைத்த உருளைக்கிழங்கு என்று எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ, அதை ஞாயிறு ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பழகிவிடுங்கள். பசி வந்த பிறகு என்று காத்திருக்க வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏறக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். தண்ணீர் குறைந்து, தசையும் சிதைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று ரயில் ஏறாதீர்கள், அந்த ஊரிலேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிர். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயிலுக்குத்தான் பயப்படத் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த பனியன், மேலே காற்று, அதோடு ஒரு மழை என்றால் உடம்பு விறைக்க வெகுநேரம் ஆகாது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலையோட்டம் ஒன்று நடந்தது. பகலில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் பிடித்தன. பலர் அரைக்கால் சட்டையோடு இருந்தார்கள். 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் முன்னணி ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். அந்த மலையில் ஆடு மேய்க்கும் ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். நம் மலைகளில் அவ்வளவு குளிர் வராது என்பது சரி. ஆனாலும் நீர் புகாத மெல்லிய ஜாக்கெட், விசில், சார்ஜ் உள்ள போன், சிறிய டார்ச் நான்கும் பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். மேலே ஏறும் முன்பே ஜாக்கெட்டைப் போடுங்கள், நடுங்கத் தொடங்கிய பிறகு ஜிப்பைப் போடக்கூட விரல் வளையாது.

ஷூ ஒரு அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும், அடியில் நல்ல பிடிப்புக் கட்டைகள் உள்ளதாக. கால் நகங்களை நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடித்து இடித்து நகம் கறுத்துப்போகும்.

போவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை, இந்த வாரமே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். இரும்புச் சத்து குறைந்த உடம்போடு செய்கிற பயிற்சி முழுக்கச் சேராது, 'எனக்குத் தெம்பில்லை' என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். குறைவாக இருந்தாலும் நான்கரை மாதத்தில் மருந்தாலும் சாப்பாட்டாலும் தேற்றிவிடலாம்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? ஓடினால் முட்டி தேயும் என்ற பயம் அவருக்கு மட்டும் இல்லை, மருத்துவம் படித்தவர்களிடமும் இருந்தது. 2017-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் சுமார் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது சுமார் 10 சதவீதம். போட்டிக்காகவே தீவிரமாக ஓடும் தொழில்முறை ஓட்டக்காரர்களுக்குத்தான் 13 சதவீதம் வரை போனது. நீங்கள் முதல் வகை. 50 கிலோமீட்டர் வேண்டாம் என்று நான் சொல்வதையும் அவரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

முழங்காலைக் காட்ட வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். வாசற்படியில் நின்று மெல்லக் காலை இறக்கும் அந்தப் பயிற்சி அவருக்கும் உண்டு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதி உயரப் படியில், நாளைக்கு ஐந்து தடவை.